பதினொன்றில் அடிக்கும் பன்னிரண்டு

பிர்னோ நகரத்துப் பேராலய மணி
நண்பகலைப் பதினொரு மணிக்கே அடித்துவிடும்.
முற்றுகை நாளொன்றில் எதிரியை ஏமாற்ற அடித்ததாம்.
முந்நூறு வருஷத்துக்கு மேலாயிற்று,
யாரும் அதைத் திருத்தவில்லை.

அந்த மணி கேட்கும்போதுதான்
எங்கள் ஆய்வகத்துக்குக் காலை ரத்தம் வந்து சேரும்,
மூன்றாம் மாடியிலிருந்து, சூடு ஆறுமுன்னே.

எண் 4417.
முகம் தெரியாது எனக்கு.
இடது கை நரம்பு நழுவும் என்பது தெரியும்.
செவிலி யிந்த்ரா ஒவ்வொரு முறையும் சீட்டில் எழுதுவாள்:
வலது கையில் எடுத்தேன், மன்னிக்கவும்.
யாரிடம் கேட்கும் மன்னிப்போ.

இரண்டு கருக்கள் வைத்தார்கள், இரண்டும் தங்கவில்லை.
நல்ல கருக்கள்.
குறித்த நாளில், குறித்த மணியில்
விருந்தாளி போய் வாசலில் நின்றார்.
வீட்டில் இன்னும் யாரும் எழுந்திருக்கவில்லை.

முன்பு உள்ளேயிருந்து
ஒரு கிள்ளு சதை எடுத்துப் பார்த்தார்கள்.
அவள் கத்தியது கீழ்த்தளம் வரை கேட்டதாம்.
இப்போது ரத்தத்தில் தேடுகிறோம்.
பானைக்கு ஒரு சோறு பதம் என்றால்
கருப்பைக்கு ஒரு துளி பதம் ஆகாதா?
ஆகலாம்.
ஆய்வு என்றுதான் படிவத்தில் போட்டிருக்கிறோம்,
அவளும் கையெழுத்திட்டிருக்கிறாள்,
கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி ஓடுகிறது.

குழாயைச் சுழல விடுகிறேன்.
சிவப்பு அடியில் படிகிறது.
மேலே வைக்கோல் நிறத் தெளிவு.
கருப்பை எழுதிப்போட்ட கடிதங்கள்
அதில் முகவரியில்லாமல் மிதக்கின்றன.
படித்து முடிக்க இரவாகிவிட்டது:
இன்னும் இல்லை.
ஏறக்குறைய இரண்டு நாள் பாக்கி.

நோயில்லை, குறையில்லை.
ஊர் முந்திக்கொள்கிறது, இவள் பிந்துகிறாள், அவ்வளவுதான்.

டாக்டர் ஸ்த்ரௌஹால் வெள்ளியை அடித்து
ஞாயிறு என்று எழுதினார்.
ஞாயிறு அவர் மகனுக்குக் கல்யாண நாள் விருந்து,
முகத்தைச் சுளித்தார். வருவார்.
உறைநிலைத் தொட்டியில் இருக்கும் கருவுக்கு
எந்த அவசரமும் இல்லை.
மூன்று வருஷமாக அதற்கு ஐந்தாம் நாள்.

ஞாயிறு எனக்கு விடுமுறை.
சதுக்கத்தில் கருங்கல் கடிகாரம்,
பதினொரு மணிக்கு ஒரு கண்ணாடிக் குண்டை உதிர்க்கும்.
எந்தத் துளை வழியாக என்று யாருக்கும் தெரியாது.
நாற்பது வயதில், குழந்தைகளோடு இடித்துக்கொண்டு
நானும் ஒரு துளைக்குள் கையை விட்டு நின்றேன்.
உள்ளே கல் குளிர்ந்திருந்தது.
குண்டு விழுந்தது.
பக்கத்துத் துளையில் ஒரு பையன் கூவினான்.
நான் கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பதினோராம் நாள் மறுபடி 4417.
இந்த முறை வேறு சோதனை, ஒரே ஓர் எண்தான் வேண்டும்.
சீட்டில்: வலது கை.
மன்னிப்பு இல்லை.

இயந்திரத்துக்குப் பதினெட்டு நிமிடம்.
வெளியே மணி அடிக்கத் தொடங்குகிறது,
ஊருக்கு நண்பகல்.
என் கைக்கடிகாரத்தில் பதினொன்று.