இரவல் இரவு

செவ்வாய் இரவு எட்டு பத்துக்கு
ஹெர் கெர்பர் தூங்கிவிட்டார்
என்கிறது கடிகாரம்.
எட்டு முப்பதுக்குள் ஆழ்ந்த உறக்கம்,
கிணற்றில் போட்ட கல்.
நாடி எழுபத்தெட்டு.
ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு, ஓரிடத்திலும் சரியவில்லை.
மதிப்பெண் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று.

பதினெட்டு வருஷமாகப்
பிறர் தூக்கத்தைப் படித்துத்தான் என் சாப்பாடு.
நாற்பத்தொன்பது வயதில், அதுவும் அந்தக் கழுத்தோடு,
தொண்ணூற்றொன்று வாங்கிய ஒருவரை
இதுவரை நான் பார்த்ததில்லை.
(என் கடிகாரம் எனக்குத் தந்தது அறுபத்திரண்டு.
மோசமில்லை, முயற்சி தேவை என்றது.)

கோப்பில் மனைவியின் கையெழுத்து:
மூச்சு நிற்கிறது, எண்ணினேன், முப்பத்தொன்று வரை.
பிறகு ஏதோ அறுபடும் சத்தம்.
நான் மாடி அறைக்குப் போய்விட்டேன். மன்னிக்கவும்.

பரிசோதனைக் கூடத்தில் நாலே படுக்கை,
காத்திருப்போர் பட்டியல் வசந்தம்வரை.
அதனால்தான் கடிகாரம் கொடுத்தோம், பதினான்கு இரவுக்கு.

அதே செவ்வாய், ஒன்பதே காலுக்கு,
பாசலில் சாய்மழை.
வெட்ஸ்டைன் பாலம் கடக்கும் டிராமில் நான்.
கண்ணாடித் தடுப்புக்கு அப்பால்
பிடரியில் மூன்று மடிப்பு.
நெம்புகோல் பிடித்த இடக்கை மணிக்கட்டில் ஒன்றுமில்லை.
நிறுத்தம் தாண்டி அரைப் பெட்டி நீளம்
சறுக்கி நின்றது வண்டி.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு பெண் குடையை விரித்துக்கொண்டு
பின்னோக்கி நடந்தாள், அவ்வளவுதான்.

தூங்குகிறவரை எழுப்பலாம்,
தூங்குவதுபோல் நடிப்பவரை எழுப்ப முடியாது என்பார்கள்.
தூக்கத்தையே இரவல் வாங்கியவரை
என்ன செய்ய?

கேட்டேன்: யாருடையது இது?
முகம் சிவந்தது, பிறகு சிரித்தார்.
லியோனி. என் மகள். ஒன்பது வயது.
பட்டை கடைசித் துளையிலும் தளர்ந்தது,
முடி வளையம் சுற்றி இறுக்கிக்கொண்டாள்.
இரவுக்கு இரண்டு ஃபிராங்க் கூலி கேட்டாள், டாக்டர்.
இருபத்தெட்டு ஃபிராங்க்!
டிராமைப் பிடுங்கிவிடுவீர்கள் என்று பயந்தேன்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன்.
திரை அதற்குள் இரண்டு மணிக்கு நகர்ந்திருந்தது.

இரண்டு நாற்பது: விழிப்பு.
நடை, பதினொரு அடி.
நாலு நிமிஷம் அசைவில்லை.
நடை, பதினொரு அடி.
உறக்கம்.
புதன், இரண்டு ஐம்பத்தைந்து. பதினொன்று. நிற்றல். பதினொன்று.
வியாழன் இரண்டு முறை.
சனி இரவு நின்றது மட்டும் பத்தொன்பது நிமிஷம்,
நாடி நூற்றுப்பத்து.

கழிப்பறைக்குப் போயிருப்பாள், என்றார்.
இருக்கலாம், என்றேன்.
கழிப்பறை எந்தப் பக்கம்?

அவள் அறைக்கு எதிரே. மூன்று அடி.

உங்கள் அறை?

விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்
அறையின் கதவை, பாதி விரிப்பை, செருப்பு அடுக்கை.
எட்டாவது விரலில் நிறுத்தினார்.
விரல்களை மடக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை.

அவருடைய நோயை நான் படித்தது
அவருடைய ஒரு மூச்சும் பதியாத ஏட்டில்.
பத்தொன்பது நிமிஷம்
இருட்டில், வெறுங்காலில்,
அடுத்த மூச்சுக்காக நிற்கும் ஒருத்திக்குச்
சாதனம் வைத்திருக்கும் பெயர்
'லேசான இடையூறு'.

இன்றிலிருந்து ஓட்டவில்லை,
என்றார், நான் சொல்லும் முன்பே.

வியாழன் நாலாம் படுக்கைக்காரர் வரவில்லை.
கெர்பர் வந்தார், சொந்தத் தலையணையோடு.
கம்பிகள் ஒட்டினேன், தலையில், மார்பில், முழங்காலுக்குக் கீழே.
ஊதா நிற முடி வளையம் ஒன்று கிடந்தது இடக்கையில்.
கழற்றணுமா? என்றார்.
வேண்டாம்.

மணிக்கு ஐம்பத்துமூன்று முறை நின்றது மூச்சு.
ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டேன்.

இரண்டு நாற்பதுக்கு
நகரின் அந்தப் பக்கம், காலிக் கட்டிலருகே
யாராவது போய் நின்றார்களா,
தெரியாது.
கடிகாரம் என் மேஜையில் இருந்தது.
சார்ஜ் ஏறிக்கொண்டு.