விலக்குப் பட்டியல்

மூஸ் ஜாவில் மைனஸ் இருபத்தாறு.
கிர்பியின் மேசைமேல் ஒரு தாள்:
நான்கு வருடம், எண்பதாயிரம் கிலோமீட்டர்,
இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது டாலர்.
"நிம்மதிக்கு விலை உண்டா?" என்கிறான்.
உண்டே, அதைத்தானே இப்போது சொன்னாய்
என்று சொல்லவில்லை ஹாலினா ஹ்ரிட்சாக்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு
பின்பக்கத்தைப் படிக்கிறாள்.
துரு சேராது. ரப்பர் சேராது.
தேய்மானம் சேராது.
தேயாமல், கசியாமல்
அறுபத்தோரு வயதுவரை வந்தது எது?
அவளுடைய இடது இடுப்பே
பனி உருகியதும் மாற்றவேண்டிய உதிரிபாகம்.

"ஒரு நிமிஷம்" என்று வெளியே போய்
டிரக்கில் ஏறி உட்கார்ந்தாள்.
டாஷ்போர்டு அறைக்குள் ஒரு குட்டி நோட்டு.
பழைய சொந்தக்காரனின் பென்சில் எழுத்து:
ஆயில் மாற்றியது, ஆயில் மாற்றியது,
பெல்ட், ஆயில், "மழை. பிறகு பார்க்கணும்",
பதினோரு வருடம் ஒரே கை.
கடைசி இரண்டு வரி மட்டும்
வேறு யாருடையதோ.
வட்ட வட்டமாய், தேதி இல்லாமல்.

கிர்பி நீட்டிய பேனாவைத்
தாளோடு அவன் பக்கமே தள்ளினாள்.
இந்தப் பணம் தேனீப் பெட்டிகளுக்கா,
இடுப்புக்கா, கியர்பாக்ஸுக்கா,
எது முதலில் வாய் திறக்கிறதோ அதற்கு.

தண்டவாளம் தாண்டியதும்
டக் என்று ஒரு சத்தம்.
வளைவில் மறுபடியும்.
அடிவயிற்றில் அந்த இரண்டாயிரத்து எண்ணூறு
புரண்டு படுத்தது.
ஓரம்கட்டி, எஞ்சினை அணைத்து,
கையுறையைக் கழற்றிவிட்டு
இருக்கைக்கு அடியில் துழாவினாள்.

பல் பதிந்த
ஒரு பென்சில்.