வருகை: இருபத்து நான்கு

கூட்டம் மூன்று மணிக்கு என்று அறிவித்திருந்தேன்.
நாலு இருபதுக்குத் தொடங்கியது.
நகரசபையின் பின்மண்டபம், கால் உடைந்த கதிரைகளும் சேர்த்து.
சல்லியிலிருந்து மீன்பிடிச் சங்கம், ஈரக் காலோடு.
கிண்ணியாவிலிருந்து பழைய இரும்பு பௌமி
தன் தராசைத் தானே சுமந்துகொண்டு;
பிறத்தியாரின் தராசை நம்பாத மனுசன்.
கந்தளாயிலிருந்து சுமணலதா,
ஒரு பிடி பசளையை ஒவ்வொரு மூக்கிடமும் நீட்டியபடி.
மிருக வைத்தியர். இரண்டு பாடசாலைகள்.
உப்புவெளி விடுதிகளின் சார்பில்
ஒரு மன்னிப்புக் கடிதம்.

சுவரில் நீல நிறத்தில் பன்னிரண்டு அடிப் பனர்:
குப்பையில்லாத் திருமலை.
போன கிழமை அச்சடித்தது.
இது எந்த மண்ணில் உக்கும் என்று கேட்டார் சுமணலதா,
தனக்குத் தெரிந்த தமிழில்.
முதலில் யாரும் சிரிக்கவில்லை.
பிறகு அடக்க முடியவில்லை.

'வலையமைப்பின் முதலாம் கூட்டம்'
என்று நான் எழுத, அருமைநாயகம் எட்டிப் பார்த்தார்.
'வலையெண்டா எங்களுக்குத் தெரியும் தங்கச்சி.
கண் பெரிசெண்டால் மீன் போயிடும்,
கண் சின்னனெண்டால் கடலே போயிடும்.
உங்கட வலைக்குக் கண் எவ்வளவு?'
அதை நான் குறிப்பில் போடவில்லை.
போட்டிருக்கலாம்.

பிறகு விலை.
அறுந்த தங்கூசி வலை கிலோ என்னவென்று அவர் கேட்க,
ஈயம் கழற்றி, மண் உதறித் தந்தால்தான் சொல்வேன் என்றார் பௌமி.
'மண்ணோட நிறுத்தா
நான் கடற்கரைக்கெல்லோ காசு குடுக்கிறன்!'
ஈயம் கழற்ற யாருக்கு நேரம்?
மேசையில் யாரோ தட்டினார்கள்.
தராசின் முள் மட்டும் கொஞ்ச நேரம் ஆடியது.

வெள்ளைப் பலகையில் வட்டம் வரைந்தோம்.
கடையிலிருந்து வீட்டுக்கு ஓர் அம்பு,
வீட்டிலிருந்து பௌமிக்கு,
பௌமியிலிருந்து போத்தல் உருக்கும் கம்பனிக்கு,
கம்பனியிலிருந்து திரும்பவும் கடைக்கு.
கம்பனி இருப்பதோ கொழும்புப் பக்கம்.
எண்ணூறு கிலோ போத்தல் ஐம்பத்தாறாயிரம்,
லொறி வாடகை அறுபத்தையாயிரம்.
ஹபரணைக்கு இந்தப் பக்கமே
வட்டம் நின்றுபோயிற்று,
ஒன்பதாயிரம் ரூபாய் அகலத்துக்கு வாய் திறந்து.

அந்த மௌனத்தில்தான் மான் வந்தது.
இந்த ஊரில் மான்கள் எங்கேயும் வரும்.
வாசற்படியில் கிடந்த சொப்பிங் பையை மென்றது.
போன மாதம் ஒன்றின் வயிற்றைக் கிழித்துப் பார்த்த வைத்தியர்
பேச்சை விட்டு எழும்பிப் போய்
வாயிலிருந்து இழுத்தார்.
மான் விடவில்லை.
அவரும் விடவில்லை.
பை கிழிந்தது,
ஆளுக்குப் பாதி.

பிளேன்ரீத் தட்டோடு நின்ற பரிமளகாந்தி,
பஸ் நிலையத்துக்கு எதிரே சின்னக் கடை வைத்திருப்பவர்,
கோப்பைகளை எண்ணிக்கொண்டே கேட்டார்:
'பிஸ்கட் கொண்டு வாற லொறி
வெறுமையாத்தானே திரும்பிப் போகுது?
செவ்வாயும் வெள்ளியும்.
டீசல் காசு குடுத்தாக் காணும்.
டிரைவர்ட நம்பர் இருக்கு,
கடன் கேட்டு எடுக்கிறவர்தானே.'

இருபத்து மூன்று பேர்
கோப்பையைக் கீழே வைத்த சத்தம்.

வருகையில் மூன்றை வெட்டி நான்கு ஆக்கினேன்.
பெயருக்கு நேரே நிறுவனம் என்றொரு நிரல்.
கொஞ்சம் யோசித்துவிட்டுத்
தேத்தண்ணி என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை பௌமி இரண்டு தரம் நிறுத்தார்,
எண்ணூற்றுப் பன்னிரண்டு.
டீசல் போக மிஞ்சப்போகும் காசை
யார் வைத்திருப்பது என்று
லொறிப் பெட்டி பூட்டுமுன்பே சண்டை வந்துவிட்டது;
அடுத்த கூட்டத்தின் முதல் விடயம் அது.

மழைக்குணம்.
மூடுவதற்கு வேறொன்றும் இல்லாமல்
பனரைக் கழற்றிப் போர்த்தினார்கள்.
நீளம் கூடிப்போக, நடுவில் ஒரு மடிப்பு.
கயிறு இறுக்கிய பின்
மடிப்புக்கு இந்தப் பக்கம் குப்பை,
அந்தப் பக்கம் மலை.
கண்டி வீதியில் அப்படியே ஏறிப் போனது.
பார்த்து நின்ற ஒருவரும்
திருத்தச் சொல்லவில்லை.