அல்லாதார் வாசல்

வெருலம் தபால் நிலையத்தை
நூலகமாக மாற்றச் சொல்லி நகராட்சி கொடுத்த குழாய்க்குள்
ஐம்பத்தேழாம் வருஷத்து வரைபடம்.
பிரித்தால் சுருண்டுகொண்டது.
நான்கு மூலைக்கும் நான்கு காபிக் கோப்பை வைத்தேன்.

கட்டடம் ஒன்று. வாசல் இரண்டு.
நடுவில் ஒன்பது அங்குலச் சுவர்.
அந்தப் பக்கம் முப்பது பேருக்கு
மின்விசிறி, எழுதுமேசை, உட்காரப் பெஞ்சு.
இந்தப் பக்கம் முந்நூறு பேருக்கு
ஒரு ஜன்னல்.
அங்கே ஐரோப்பியர் என்று எழுதியிருந்தது.
இங்கே ஐரோப்பியர் அல்லாதார்.

சனிக்கிழமை வகுப்பில் கற்ற கொஞ்சத் தமிழில்
அந்தச் சொல்லைப் போட்டுப் பார்த்தேன்.
அல்லாதார்.
யார் என்று சொல்லாமல்
யார் இல்லை என்று மட்டும் சொல்லும் பெயர்.

வரைந்தவருக்கு நல்ல கை.
சுவருக்குள் நிரப்பிய சாய்கோடுகளில்
ஒன்றுகூட வெளியே சிந்தவில்லை.
வலது கீழ்மூலைக் கட்டத்தில்
சரிபார்த்தவருக்கு முழுப்பெயர், பட்டம், கையொப்பம்.
வரைந்தவர்: ஆர்.பி.
அவ்வளவுதான்.
ரூபர்ட் பார்க்கரோ, ரங்கன் படையாச்சியோ,
கோட்டைப் போட்டுவிட்டு
எந்த ஜன்னலில் போய்த் தபால்தலை வாங்கினாரோ.

பதினோரு வருஷம் நானும் அந்தக் கட்டத்தில்
கே.எம். ஆகத்தான் இருந்தேன்.
கோசிலா மூட்லி என்று எழுத இடமிருந்தது.
ஹ்லெங்கிவேயை அலுவலகத்தில் எச் என்றார்கள்.
பெயர் கஷ்டமாம்.
கான்கிரீட்டில் இருபத்தேழு வகைக்குப் பெயர் தெரிந்தவர்கள்.

முதல் நாள் தளத்துக்குப் போனோம்.
தலைக்கவசம் என் கண்ணை மறைத்தது;
பெண்ணுக்கென்று அளவு யாரும் வாங்கியதில்லை.
கழிப்பறைக்கு இருவரும் பெட்ரோல் பங்க் வரை நடந்தோம்.
மேஸ்திரி, கூட வந்த பயிற்சிப் பையனிடம் கேட்டார்:
"ஆர்க்கிடெக்ட் எப்போ வருவார்?"
வரைபடத்தைக் கையில் வைத்திருந்த ஹ்லெங்கிவே சொன்னாள்:
"வந்து அரைமணி ஆச்சு.
மழைக்கு முன்னால கூரையைக் காட்டுங்க."

நடுச்சுவரை இடிப்பது என்று முடிவானது.
கூட்டத்தில் கைதட்டினார்கள்.
எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

பிறகு லொரேய்ன் துரைராஜ் வந்தார்,
நூலகராகப் போகிறவர்.
சக்கர நாற்காலியை மேசையோடு ஒட்டி நிறுத்தி
புது வரைபடத்தில் விரல் வைத்தார்.
விரல் தெருவிலிருந்து புறப்பட்டது.
முன்படியில் நின்றது.
பக்கவாட்டில் திரும்பி,
ஜெனரேட்டரைத் தாண்டி,
குப்பைத் தொட்டிகளைத் தாண்டி,
பின்கதவில் போய்ச் சேர்ந்தது.
"இது என் வாசலா?" என்றார்.
கோபமில்லை. விலாசம் விசாரிப்பதுபோல.

என் கோடு.
ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவு, விதிப்படி சரி.
முன்படி பழைய கருங்கல், தொடக்கூடாது என்று
குறிப்பெழுதியதும் நான்.
சரிபார்த்தவள் ஹ்லெங்கிவே.
பெட்ரோல் பங்க் வரை நடந்த இரண்டு பேரும்
பார்க்கவில்லை.
சுவரை இடித்த சந்தோஷத்தில்
புதிதாக ஒரு அல்லாதார் வாசல் போட்டிருந்தோம்,
படியேற மாட்டாதாருக்கு.

மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன்.
லொரேய்ன் பென்சில் கேட்டார்.

ஐந்து படி. ஒன்பது மீட்டர்.
தபால் வண்டிகள் நின்ற முற்றம் முழுவதையும்
தெருவிலிருந்து மெல்ல உயர்த்தினால்
படியே தேவையில்லை என்று
தேநீர் ஆறுவதற்குள் வரைந்து காட்டினார்.
குழந்தைவண்டி, கைத்தடி, மூட்டை, சக்கரம்,
அவசரத்தில் ஓடிவருகிறவர்,
எல்லாருக்கும் ஒரே வாசல்.
கோணல் மாணலான கோடு.
ஆர்.பி. பார்த்தால் சிரித்திருப்பார்.

பாரம்பரியக் குழு கடிதம் அனுப்பிவிட்டது:
கருங்கல்லை ஏன் மூடுகிறீர்கள்?
பதில் நாலு பக்கம் எழுதியிருக்கிறேன்,
ஒப்புவார்களா தெரியாது.

மூலைக்கட்டத்தில் வரைந்தவர் என்ற இடத்தில்
மூன்று முழுப்பெயரை அடித்தாள் ஹ்லெங்கிவே.
எழுத்து கோட்டைத் தாண்டியது.
கோட்டை நகர்த்தினாள்.

குப்பைத் தொட்டிகளை எங்கே வைப்பது என்றுதான்
இன்னும் யோசிக்கிறோம்.