பதிவேட்டில் இல்லாத ஆண்

மூன்றாங்கட்டைப் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே
உரக்கிடங்கை ஒட்டி எங்கள் ஆய்வகம்.
முன்பு அது தோட்டத்து ஆஸ்பத்திரி.
பிரசவ அறையில்தான் இப்போது புழு வளர்க்கிறோம்.
நானும் அந்த அறையில்தான் பிறந்தேன் என்று
டாக்டர் ரொஸ்லினாவிடம் ஒருநாள் சொன்னேன்.
"அப்படியா" என்றபடி வெப்பமானியைப் பார்த்தார்:
இருபத்தேழு. சரியாக இருந்தது.

காலையில் ரஃபிக் வெட்டிவரும் செம்பனை ஓலையைக்
கழுவித் துடைத்து, காம்பில் ஈரப்பஞ்சு சுற்றி வைப்பேன்.
தின்னும்.
தின்ற இலையின் துணுக்கையே
வாய்நூலால் தைத்து உடுத்திக்கொள்ளும்.
உடம்பு பெருக்கப் பெருக்க சட்டையை நீட்டும், கழற்றாது.
ஒருநாள் ஓலையின் அடியில் கொக்கி மாட்டித் தொங்கி
வாசலைத் தைத்துவிடும்.

அதன்பிறகுதான் என் வேலை.
ஒல்லிப் பை ஆண். கனத்த பை பெண்.
நடுவில் இருப்பவை என் ஊகம்.

அவனுக்கு இறகு முளைக்கும், வாய் இருக்காது;
இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று.
அவளுக்கு இறகு இல்லை, கால் இல்லை,
கண் என்று சொல்ல ஒன்றும் இல்லை.
வயதுக்கு வந்த பிறகும் புழுதான்.
பையின் இருட்டில் இருந்தபடியே
ஒரு வாசனையை மட்டும் வெளியே அனுப்புவாள்.

நான் முகர்ந்து பார்த்திருக்கிறேன். ஈர ஓலை, அவ்வளவுதான்.
ஆனால் அந்த வாசனைதான் எங்கள் சரக்கு.
கன்னிகளை வலைத்துணியில் முடிந்து
பசைத்தகட்டின் நடுவே தொங்கவிட்டால்
விடிவதற்குள் ஆண்கள் அப்பிக் கிடப்பார்கள்.
பதிவேட்டில் எழுதுவேன்: பெண். கூடாதது. தகுதி உண்டு.
இதே மாதிரி ஒரு வரியை
என் அத்தை மூன்று தரகர்களிடம் கொடுத்து வைத்திருந்தாள்.

நோன்புப் பெருநாளுக்கு ஐந்து நாள் பூட்டு.
திரும்பி வந்தபோது பதினோராம் குப்பியில்
வலையோரமாக ஒரு கரும்பழுப்பு உடல்,
இறகின் தூள் எல்லாம் உதிர்ந்து.
பெண் என்று நான் எழுதிய ஒன்பதில் ஒன்று.
இடுக்கியால் எடுத்துத் தொட்டியில் போட்டேன்.
'பெண், ஒன்று, இறப்பு' என்று எழுதினேன்.

அந்த வாரம் ஏழாம் பொறியில் ஒருவனும் ஒட்டவில்லை.
கூடியவள் வாசனையை நிறுத்திவிடுவாள், தெரியும்.
"மழை, டாக்டர்" என்றேன்.
மழை பெய்ததும் உண்மைதான்.

மிச்சமிருந்த நால்வரை மேல்தட்டில் ஒதுக்கினேன்.
ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.
பையின் அடிவாயால் ஒவ்வொருத்தியாக விழுந்தாள்,
முட்டையெல்லாம் உள்ளே விட்டுவிட்டு,
உலர்ந்த திராட்சைபோல.

பதினெட்டாம் நாள் குப்பியின் கழுத்தெல்லாம் புள்ளிகள்.
நூலில் இறங்கின. விசிறி திரும்பும் பக்கமெல்லாம்
நூல் சாய்ந்தது, அவையும் சாய்ந்தன.
ஒரு பையிலிருந்து மட்டும் நூற்று நாற்பத்திரண்டு.
பாதியில் எண்ணிக்கை தவறி, மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

விதி: ஐஸ்பெட்டி, எழுபத்திரண்டு மணி நேரம்.
வைத்தேன்.
வெளியே என் அண்ணன் சன்னாசி
மரம் மரமாகத் துளைபோட்டு மருந்து ஊற்றிக்கொண்டிருக்கிறான்,
மாலையில் வந்து "உன் பிள்ளைங்க சாப்பிட்டுச்சா?" என்பான்.
அவன் கை நடுக்கம் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

பதிவேட்டைத் திறந்து 'பெண்' என்பதை அடித்து
'ஆண்' என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டேன்.
டாக்டர் அந்த வரியில் விரலை வைத்தார்.
கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.
பிறகு, "தவமணி, ஓலை தீர்ந்துவிட்டது" என்றார்.

ஆறரை மணி. நிறுத்தத்து விளக்கின் கீழே
சட்டைக் கையிலிருந்து ஏதோ தொங்கியது,
மூச்சுக்காற்றுக்கே ஆடும் அளவில்.
என் நீலச் சீருடையின் பஞ்சைச் சுரண்டி
அதற்குள் ஒரு விளிம்பைத் தைத்து முடித்திருந்தது.

பேருந்து வந்தது. நான் கையை அசைக்காமல் ஏறினேன்.