ஆறு மில்லி கறுப்பு

பாம்பன் பஸ்ஸில் இன்னாசியிடம் கேட்பார்கள்:
மாலை போட்டிருக்கியா தம்பி?
வேதக்காரன் என்று தெரிந்ததும்:
அப்போ கட்சியா?
என்னிடம்:
வீட்டில் யாரும் தவறிட்டாங்களாம்மா?
மிஸ்ரியாவிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.
கீழக்கரையில் கறுப்புக்குக் காரணம் வேண்டியதில்லை.
உனக்கென்ன, ஒளிந்துகொள்ள இடமிருக்கிறது
என்றேன் ஒருமுறை, பொறாமையில்.
ஒளியவில்லை, இது அல்லாவுக்கு,
கண்ணுக்கடியில் இழுத்திருக்கிறேனே
இது எனக்கு, என்றாள்.

மாவட்டத்தில் நாங்கள் மூன்று பேர்.
பரமக்குடியில் நான்காவதாக
ஒருவன் இருப்பதாகக் கேள்வி.
நம்பவில்லை.

நான் கோத், என்று வீட்டில் சொன்ன அன்று
கெட்ட வார்த்தை என்று நினைத்து
அம்மா கரண்டியை ஓங்கினாள்.
விளக்கியிருக்கலாம்.
சிரி, சிரி, பொம்பளைப் பிள்ளை சிரி
என்று சொல்லிக்கொண்டே இருக்கும் ஊரில்
சிரிக்காமல் உட்கார
ஒரு பெஞ்சு வேண்டியிருந்தது,
அதில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள்,
நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.
அவ்வளவுதான்மா.
கரண்டி இறங்கியபிறகு
சொல்லத் தோன்றவில்லை.

மண்டபம் நண்டுக் கம்பெனியில்
எட்டு மணி நேரம் நான் வெள்ளை.
வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, வெள்ளை பூட்ஸ்.
காலுக்குள்ளிருந்து சதையை
உடையாமல் உருவ வேண்டும்.
நகத்தில் நிறம் கூடாது.
திங்கள் விடியலில் பஞ்சை நனைத்துப்
பத்து விரலையும் அழிப்பேன்.
சனிக்கிழமை ராத்திரி
பத்து விரலும் திரும்பி வரும்.

இந்தக் கடற்கரை இதற்குத் தோதான இடமில்லை.
பதினோரு மணிக்கெல்லாம் கண்மை கன்னத்துக்கு இறங்கும்.
சங்கிலி ஒரே மாதத்தில் பச்சை பூக்கும்.
வியர்வை காய்ந்து
கறுப்புச் சட்டையின் முதுகில்
உப்பு ஒரு தேசப்படம் வரையும்.

சென்னையிலிருந்து ஒருவன் வந்தான், கேமராவோடு.
உங்களுக்கென்னப்பா,
தனுஷ்கோடியில் எல்லாம் ரெடியா நிற்குது என்றான்.
இன்னாசி வரமாட்டேன் என்றுவிட்டான்.
அவன் வீட்டில் இரண்டு பேர் அந்தப் புயலோடு போனவர்கள்.
சுவர் அழகுதான், என்றான்,
ஆனா செட்டு இல்ல.

பிறகு நவம்பர் இரண்டு.
தங்கச்சிமடம் கல்லறைத் தோட்டத்தில்
மணலில் குழி பறித்து மெழுகுவர்த்தி நட்டு
காற்றுக்குக் கை மறைத்து உட்கார்ந்திருக்கும்
மொத்த ஊரும்.
வருஷத்தில் ஒரு ராத்திரி மட்டும்
எல்லாரும் எங்கள் ஆட்கள்.
யாரும் யாரையும் சிரிக்கச் சொல்வதில்லை.

எதிர்வீட்டு மிக்கேலம்மாள் வந்து நின்றாள்.
சாத்தான் வேஷம் என்று
பங்குச் சாமியாரிடம் என்னை எழுதிக் கொடுத்தவள்.
ஏட்டி, விரலுக்குப் பூசுவியே
அந்தக் கறுப்பு இருக்கா?

அவள் மகன் சிலுவையில்
பெயரை உப்புக்காற்று தின்றிருந்தது.
பெயிண்ட் ரெண்டு வருஷம்தான் நிக்குது, என்றாள்,
உன்னது தண்ணியில போகாதாமே.
சிலுவைக்கு அடியில் அவன் இல்லை.
படகும் கிடைக்கவில்லை.
கட்டம்போட்ட ஒரு சட்டையைத்தான் புதைத்திருந்தார்கள்.

ஆறு மில்லி பாட்டில்.
அவள் செல்போன் வெளிச்சம் பிடித்தாள்,
கை நடுங்க, வெளிச்சமும் நடுங்கியது.
நண்டுக்கால் உருவும் கை எனக்கு,
நடுங்காது.
எ. ம. லி.
பிரஷ்ஷில் மணல் ஒட்டியது, துடைத்தேன்.
யா.
அதோடு பாட்டில் காய்ந்துவிட்டது.

கடைசி எழுத்துக்கு
கீழக்கரையிலிருந்து ஒன்பது மணி பஸ்ஸில்
மிஸ்ரியா கொண்டுவந்தாள்.
அவளிடம் கறுப்பு இல்லை,
கருஞ்சிவப்புதான் இருந்தது.
பரவாயில்லை, எழுது, என்றாள் மிக்கேலம்மாள்.
எங்கள் மூன்று பேருக்கும்
ஒரே தூக்கில் சுக்குக்காப்பி கொடுத்தாள்.
அடுத்த ஞாயிறு பூசையில்
பழையபடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திங்கள் விடியலில்
பஞ்சை நனைத்துப் பத்து விரலையும் அழித்தேன்.
அங்கே எமலியான் காயாமல் நிற்கிறான்.
இல்லை, காய்ந்துதான் நிற்கிறான்.
கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும்,
ன் மட்டும் வேறு நிறம்.