பதினேழு விநாடி

தோடு, சங்கிலி, கொண்டை ஊசி
எல்லாத்தையும் கழட்டி இந்தத் தட்டில வையுங்கோ.
நாடியை இதில ஊன்றுங்கோ.
நாக்கை அண்ணத்தோட ஒட்டிப் பிடியுங்கோ.
விழுங்காதேங்கோ. பதினேழு விநாடிதான்.

ஒரு நாளைக்கு ஒன்பது தரம் சொல்லுவன்.
வெளியே ஸ்ரான்லி வீதி ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்க,
ஈயக் கதவுக்குள்
ஒரு முகத்தை இயந்திரம் ஒருமுறை வலம் வரும்.
மூலவர் அசையக்கூடாது, அவ்வளவுதான்.

இன்று பிரதாயினி. வயது முப்பத்தொன்று.
சுன்னாகத்தில் கூட்டுறவு வங்கிக் காசாளர்.
சிரிக்கும்போது இடது கை தானாக எழும்பி
வாயை மூடும்.
வலது கை காசு எண்ணுறதால
இடது கைக்கு அந்த வேலை, என்றா.

பழைய படத்தில்
மேல்தாடையில் ஒரு வெள்ளை நிழல்.
வேட்டைப்பல் என்று தெரியும்;
முன்னுக்கோ பின்னுக்கோ தெரியாது.
தட்டைப் படத்துக்கு
அயல் உண்டு, ஆழம் இல்லை.

இப்போது மவுஸைப் பிடித்து
அவவின் தலையைத் திருப்புகிறேன்.
தோல் கழன்று, கன்னம் கழன்று,
எலும்பு எங்களைப் பார்த்து
முழுப் பல்லும் தெரியச் சிரிக்கிறது.
அதற்கு மறைக்கக் கை இல்லை.

டொக்டர் அருட்குமரன் சீவுகிறார்,
கால் மில்லிமீற்றர் தடிப்பில், கத்தி இல்லாமல்.
அந்தா.
அண்ணத்துப் பக்கம், குறுக்கே சரிந்து,
பாய் விரிக்க இடமில்லாத வீட்டில்
சுவரோரம் படுத்தவனைப் போல
ஒரு முழுப் பல்.
நுனி பக்கத்துப் பல்லின் வேரைத்
தொடவில்லை. ஒன்று தசம் இரண்டு இடைவெளி.
இரண்டுதரம் அளந்தார்,
பிறகுதான் மூச்சு விட்டார்.

கீழே, வரிசையில், அதன் இடத்தில்
இருபது வருடமாக
கதிரை பிடித்து வைத்திருக்கிறது
ஒரு பால்பல்.

“அது உயிரோடயோ கிடக்குது?”
“ஓம்.”
“அப்ப ஏன் வரேல்ல?”
நீளம் இருக்கிறது, அகலம் இருக்கிறது, ஆழமும் இருக்கிறது.
காரணம் என்றொரு அச்சு
இந்த மென்பொருளில் இல்லை.

முரசைத் திறந்து,
பல்லில் சின்னத் தெறி ஒன்று ஒட்டி,
மெல்லிய தங்கச் சங்கிலி கொளுவி
மாதம் ஒரு மில்லிமீற்றர் இழுக்கலாம், என்றார் டொக்டர்.
“தங்கமோ? எத்தனை பவுண்?”
கஸ்தூரியார் வீதியில் விலை கேட்பதுபோல் கேட்டுவிட்டு
அவவே சிரித்தா.
இடது கை எழும்பியது.
எழும்பிய கை
தன் வாய்க்குப் போகாமல்
திரையில் இருந்த வாயைப் பொத்தியது.

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
தட்டில் இருந்த தோட்டையும் சங்கிலியையும்
எண்ணிப் பார்த்து எடுத்தா. காசாளர் அல்லவா.

அடுத்தது மானிப்பாய்ப் பெடியன்,
பதின்மூன்று வயது, நல்லாப் பயந்துபோனான்.
திரையில் நாலு விரல் அடையாளம்.
துடைக்கிற துணி என் கையில்தான் இருக்கிறது.
நாக்கை அண்ணத்தோட ஒட்டிப் பிடியப்பு, என்கிறேன்.
என் நாக்கும் அங்கே போய்
எதையோ தடவிப் பார்க்கிறது.
விழுங்காத.